தோளில் நிற்கும் ஊசி

கழுத்து வலி என்று சொல்பவரிடம் எங்கே என்று கேட்டால், கை பெரும்பாலும் கழுத்துக்குப் போவதில்லை. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவில் இருக்கும் சரிவைத்தான் பிடித்துக் காட்டுவார். காவடி, கலப்பை, பல்லக்கு, பாடை, பள்ளிக்கூடப் பை எல்லாம் ஏறிய இடம் அது. இன்று அந்தச் சரிவின் மேல் பலருக்கு எதுவுமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வலிக்கிறது.

அந்த இடத்தை மூடியிருக்கும் அகலமான தசைக்கு டிரபீசியஸ் என்று பெயர். மண்டையின் பின்னடியைப் பற்றிக்கொண்டு, கழுத்து வழியாக இறங்கி, இருபுறமும் தோள்பட்டை வரை விரிந்து, கீழே நடுமுதுகைத் தாண்டிப் போய் முடிகிறது. அதன் அடியில் இன்னொன்று, லெவேட்டர் ஸ்கேப்புலே. கழுத்தின் மேல் நான்கு எலும்புகளையும் தோள்பட்டை எலும்பின் உள்மூலையையும் இணைப்பது. தோளைத் தூக்குவது இதன் வேலை. குளிரில் தூக்குகிறோம், பயத்தில் தூக்குகிறோம், கேட்டதற்குப் பதில் தெரியாதபோது தூக்குகிறோம். தூக்கியதை முழுவதும் இறக்கினோமா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கெல்லாம் மேலே ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை. நிமிர்ந்திருக்கும்போது எலும்புகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. குனிந்துவிட்டால் பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இதை எழுதும்போதே என் இடது தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறது. இறக்கிவிட்டேன். இரண்டு வரி எழுதுவதற்குள் மறுபடியும் ஏறிவிட்டது.

*

எம்ஆர்ஐ எடுத்தவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். அதில் வட்டு பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதைப் படித்த நாளிலிருந்து கழுத்தைத் திருப்பவே பயப்படுகிறவர்கள் உண்டு. ஜப்பானில் ஓர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. யாருக்கும் வலி இல்லை.

படத்தில் இருப்பதும் தோளில் இருப்பதும் ஒன்றையொன்று அறியாமல் பல ஆண்டுகள் இருக்கக்கூடும். கழுத்து வலிக்காரர்களில் பலரிடம் படத்தில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. தொட்டுக் காட்டத்தான் முடிகிறது.

*

"எங்க வலிக்குது சார்?"

தோளைப் பிடித்துக் காட்டினேன்.

"கையால பிடிச்சுக் காட்டாதீங்க. ஒரு விரலால காட்டுங்க."

இந்த மருத்துவர் அலோபதி படித்துப் பல காலம் அதைப் பார்த்துவிட்டு, பிறகு அக்குபஞ்சர் கற்றவர். ஐம்பதைத் தாண்டிய அம்மா. பேச்சு குறைவு. ஒரு விரலால் காட்டுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. இவ்வளவு காலம் கூடவே இருந்த வலிக்கு ஒரு முகவரி சொல்ல முடியவில்லை. இங்கே என்றால் அங்கே. அங்கே என்றால் சற்றுக் கீழே. கடைசியில் அவருடைய விரல் தேட ஆரம்பித்தது. அவசரப்படாத விரல். தோல் மேல் வழுக்காமல், அழுத்தி, நின்று, நகர்ந்து, மறுபடி நின்று. ஓரிடத்தில் என் மூச்சு தானாக நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு மறுகையால் ஊசி உறையைப் பிரித்தார்.

7ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் ஸிமியாவ் இப்படித் தேடுவதை எழுதிவைத்திருக்கிறார். வரைபடத்தில் இல்லாத புள்ளிகள் அவை. அழுத்தும்போது நோயாளி 'ஆ, இதுதான்' என்றால் அதுவே புள்ளி. சீன மருத்துவத்தில் 361 புள்ளிகளுக்கு இடமும் பெயரும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் அவற்றுக்கு அளவு வகுத்திருக்கிறது. அந்தக் கணக்குக்குள் அடங்காத இந்த அநாமதேயப் புள்ளிகள்மேல்தான் எனக்கு மரியாதை. அவற்றை நோயாளியைக் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது.

*

ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊசி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தடுப்பூசியும் அதன் வலியும். அந்த ஊசிக்குள் துளை உண்டு. மருந்து அதன் வழியே போக வேண்டும். அக்குபஞ்சர் ஊசிக்குத் துளை கிடையாது. கெட்டியான மெல்லிய எஃகுக் கம்பி. தோளுக்குப் பொதுவாகப் பயன்படுவது 0.25 மில்லிமீட்டர் தடிமன். எதையும் உள்ளே கொண்டுபோவதில்லை, வெளியே எடுப்பதுமில்லை. அங்கே நிற்கிறது, அவ்வளவுதான்.

தோலைத் தாண்டும்போது ஒரு சின்னச் சுருக். சில சமயம் அதுவும் தெரியாது. தசைக்குள் போன பிறகு வருவது வேறு: கனம், மரப்பு, உள்ளே எதையோ மெல்லத் திருகுகிற உளைச்சல். சில நேரம் அது கை வழியாக முழங்கை வரை ஓடும். சீன மருத்துவர்கள் இதற்காகவே காத்திருக்கிறார்கள். இது வந்தால்தான் ஊசி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஜப்பானில் பல மருத்துவர்கள் இதை விரும்புவதில்லை. தெரியாத ஊசியே நல்ல ஊசி என்பார்கள். இரண்டு பக்கமும் குணமானவர்கள் இருக்கிறார்கள்.

*

ஊசியோடு சேர்ந்து வரும் சிறிய குழாயைக் கண்டுபிடித்தவர் கண் தெரியாதவர் என்பது இந்த மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சுகியாமா வாஇச்சி. 1610-ல் ஜப்பானின் இசே பகுதியில் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பார்வை போயிற்று. எடோ நகரத்துக்குப் போய் ஊசி மருத்துவம் கற்கச் சேர்ந்தார். மந்தமானவன் என்று குரு அனுப்பிவிட்டார். எனோஷிமா தீவில் பென்தென் என்னும் தெய்வத்தின் குகை இருக்கிறது. பென்தென் நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு அந்த நாட்டுக்குப் போனவள். அங்கே அவர் உண்ணாமல் இருந்து வேண்டினார். வெளியே வரும்போது கல் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்தில் கையில் ஏதோ குத்தியது. மூங்கில் குழலுக்குள் ஒரு பைன் மர ஊசியிலை. மெல்லிய ஊசியை ஒரு குழாய்க்குள் வைத்துத் தட்டினால் வளையாமல் நேராக உள்ளே போகும் என்று அப்போது தோன்றியதாகக் கதை சொல்கிறார்கள். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, குழாய் உண்மை. இன்று உலகமெங்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகளில் பெரும்பகுதி அந்தக் குழாயோடுதான் வருகிறது.

பிறகு அவர் நாட்டை ஆண்ட ஷோகன் த்சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தார். உனக்கு என்ன வேண்டும் என்று ஷோகன் கேட்க, ஒரு கண் வேண்டும் என்றாராம். ஷோகன் அவருக்கு 'ஒற்றைக்கண்' என்ற பெயருடைய ஓர் இடத்தில் நிலம் கொடுத்தாராம். அங்கே அவருக்கு இன்றும் கோயில் இருக்கிறது. அவர் நடத்திய பள்ளிகளில் பார்வையில்லாதவர்கள் ஊசியும் பிடித்துவிடுதலும் கற்றார்கள். பாரிசில் பார்வையற்றோருக்கு முதல் பள்ளி தொடங்குவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. ஜப்பானில் பார்வையற்றவர்கள் இன்றும் முறையாகப் படித்து, உரிமம் பெற்று இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். த்சுகுபாவில் இதற்கென்றே பல்கலைக்கழகப் படிப்பு உண்டு.

தோளின் வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் தேடும் வேலையைக் கண்ணை நம்பாத விரல்களிடம் அந்த நாடு ஒப்படைத்தது நியாயம்தான்.

*

குப்புறப் படுத்திருக்கிறேன். கட்டிலில் முகம் பதிய ஒரு துளை. அதன் வழியே தரையின் ஓர் ஓடு மட்டும் தெரிகிறது. தோளில் ஊசிகள் நிற்கின்றன. இருபது நிமிடம், அரைமணி நேரம் இப்படியே கிடக்க வேண்டும்.

அசையக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அசைந்தால் ஊசி உடனே சொல்லிவிடும். தோள் ஒரு நூல் அளவு மேலே ஏறினாலும் ஊசியைச் சுற்றித் தசை இறுகி வலிக்கும். அப்போதுதான் தெரிகிறது, எவ்வளவு அடிக்கடி அது ஏறுகிறது என்று. ஃபோன் வேறு அறையில் அடித்தது, ஏறியது. செலுத்த வேண்டிய பணம் ஒன்று நினைவுக்கு வந்தது, ஏறியது. யாரோ சொன்ன ஒரு வார்த்தை, பல ஆண்டுகளுக்கு முந்தையது, அதற்கும் ஏறியது. தியானத்தில் மூச்சைக் கவனி என்பார்கள். மூச்சு நாம் பார்க்கும்போது ஒழுங்காக நடந்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். ஊசி குத்தி நிற்கும் தோளுக்கு அந்த வசதி இல்லை.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க, விடுங்க" என்றார் மருத்துவர், திரைக்கு அப்பாலிருந்து. எப்படித் தெரிந்ததோ.

தாடையை விட்டால் கழுத்து விடுகிறது. கழுத்து விட்டால் தோள். இவை ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டிருக்கும் விஷயங்கள் என்பது உடற்கூறு நூலில் படித்தபோது தெரியாமல், படுத்திருந்தபோது தெரிந்தது. அந்த அரைமணி நேரத்தில் எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை. தூக்கம் வந்தது.

*

ஒருநாள் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பவே முடியவில்லை. தலையணை சரியில்லை என்று வீட்டில் சொன்னார்கள். மருத்துவர் கழுத்தைத் தொடவில்லை. கையை முஷ்டியாக மூடச் சொல்லி, சுண்டுவிரலுக்குக் கீழே ரேகை முடியும் ஓரத்தில் ஓர் ஊசி. சிறுகுடல் நாளத்தின் மூன்றாம் புள்ளி. "இப்ப மெதுவா கழுத்தைத் திருப்புங்க." ஊசி கையில் நிற்க, கழுத்து கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியது.

இதற்குச் சீன மருத்துவம் சொல்லும் விளக்கம், சிறுகுடலின் சக்தி நாளம் சுண்டுவிரலில் தொடங்கிக் கையின் பின்புறமாக ஏறி, தோள்பட்டை எலும்பின் மேல் வளைந்து, கழுத்து வழியாகக் காதருகே முடிகிறது என்பது. அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு நாளம் கிடையாது. எனக்கு இன்னொரு விளக்கம் தோன்றுகிறது: கையில் குத்தும் ஊசியைக் கவனித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பும்போது, கழுத்தைக் காவல் காப்பதை மறந்துவிடுகிறோம். இரண்டில் எது சரி என்று அந்தக் கழுத்துக்கு அக்கறையில்லை.

*

ஐயாயிரம் ஆண்டு பழைமையான மருத்துவம் என்று பலகைகளில் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு இல்லை. 1973-ல் சீனாவில் சாங்ஷா நகரத்துக்கு அருகே மாவாங்துய் என்னும் இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168-ல் மூடப்பட்டது. உள்ளே பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள். உடம்பில் ஓடும் பதினொரு நாளங்களை அவை விவரிக்கின்றன. சூடு வைப்பதைச் சொல்கின்றன, ஊசியைச் சொல்லவில்லை. ஊசி முறையை விரிவாகச் சொல்லும் மஞ்சள் பேரரசரின் நூல் அதற்குப் பிறகு உருக்கொண்டது. அதில் வரும் ஒன்பது வகை ஊசிகளில் சில கட்டி கீறவும் ரத்தம் வடிக்கவும் ஆன கருவிகள்.

1822-ல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவத்தை நிறுத்திவிட்டார். 1930-களில் செங் தானான் என்பவர் ஜப்பான் போய்க் கற்று வந்து, நவீன உடற்கூறியலை வைத்து, ரத்தக்குழாய்களைத் தவிர்த்துப் புள்ளிகளை இடம் மாற்றிக் குறித்தார். என் தோளில் நிற்கும் மெல்லிய ஊசிக்கும் அது நிற்கும் இடத்துக்கும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மாவோ காலத்தில், நாடு முழுவதுக்கும் போதுமான மருத்துவர்கள் இல்லாத நிலையில், அரசு இதை மறுபடி தூக்கி நிறுத்தியது.

உலகம் கவனித்தது 1971-ல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் இருந்தபோது குடல்வால் அழற்சி வந்து அறுவை செய்துகொண்டார். அறுவைக்கு வழக்கமான மரப்பூசிதான் போட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் இரவில் வயிறு உப்பி வேதனைப்பட்டபோது வலது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி போட்டு, மூலிகைப் புகையும் காட்டினார்கள். அதை அவர் எழுதினார். ஊசி மட்டும் போட்டு வயிற்றை அறுத்தார்கள் என்று அது பிறகு ஊர் ஊராகத் திரிந்தது.

பழைமையை நான் சான்றாக ஏற்பதில்லை. பழைய பொய்களும் உண்டு. இந்த மருத்துவம் பலமுறை உடைந்து, ஒதுக்கப்பட்டு, மாற்றி எழுதப்பட்டு வந்தது என்பது அதன்மேல் எனக்கு நம்பிக்கையைக் கூட்டவே செய்கிறது.

*

வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்யலாம். ஊசிக்கு?

1998-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலிருந்து ஷ்ட்ரைட்பெர்கர் என்பவர் ஒரு போலி ஊசியை அறிமுகப்படுத்தினார். நாடகக் கத்தி மாதிரி. முனை மழுங்கியிருக்கும், அழுத்தினால் கம்பி கைப்பிடிக்குள் புகுந்துவிடும். குத்திய உணர்வு இருக்கும், தோலுக்குள் போயிருக்காது. இன்னும் சில ஆய்வுகளில் உண்மையான ஊசியையே புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவார்கள்.

இப்படிப்பட்ட சோதனைகளை வைத்து விக்கர்ஸ் என்பவரின் குழுவினர் 2012-ல் ஒரு பெரிய கணக்குப் பார்த்தார்கள். 29 சோதனைகள், 17,922 நோயாளிகள். முதுகு, கழுத்து, தோள், மூட்டு, தலைவலி. அவர்களே ஓர் உதாரணம் தந்தார்கள். நூற்றுக்கு 60 என்ற அளவில் வலியோடு வருகிறவருக்கு ஊசியே போடாவிட்டால் வலி 43-க்கு இறங்குகிறது. போலி ஊசி போட்டால் 35. அசல் ஊசி போட்டால் 30.

இந்த மூன்று எண்களை என் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். அடிக்கடி பார்க்கிறேன். 43-லிருந்து 30: இது கணிசமான நிம்மதி. 35-லிருந்து 30: இது சின்ன வித்தியாசம். எதிர்ப்பவர்கள் இரண்டாவதைக் காட்டுகிறார்கள், தொழில் செய்பவர்கள் முதலாவதை. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. 60-லிருந்து 43-ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் காலத்துக்கும் பங்கு உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்திலிருந்து எதுவும் இறங்கத்தான் செய்யும்.

தோளைப் பொறுத்தவரை ஜெர்மனியில் 424 பேரிடம் செய்த ஒரு சோதனை இதைவிடச் சாதகமாக வந்தது. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து, வலி பாதியாவது குறைந்தவர்கள் அசல் ஊசியில் 65 சதவீதம், போலியில் 24, வழக்கமான எலும்பியல் வைத்தியத்தில் 37. ஊசி போட்ட மருத்துவருக்கு எது அசல், எது போலி என்று தெரியும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவருடைய விரல்கள் பொய் சொல்லுமா என்பது எனக்குத் தெரிந்து விடையில்லாத கேள்வி. அதே ஜெர்மனியின் பொதுக் காப்பீடு, இப்படிப் பெரும் ஆய்வுகளை நடத்திப் பார்த்துவிட்டு, 2007-லிருந்து நாட்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் மட்டும் ஊசிக்குப் பணம் தருகிறது. கழுத்தை விட்டுவிட்டார்கள்.

எனக்கு மிகவும் யோசனை தந்தது இங்கிலாந்தில் நடத்தி 2015-ல் வெளியிட்ட சோதனை. நாட்பட்ட கழுத்து வலி உள்ள 517 பேர். ஒரு பகுதிக்கு அக்குபஞ்சர், பன்னிரண்டு அமர்வு வரை. ஒரு பகுதிக்கு அலெக்சாண்டர் பயிற்சி, இருபது பாடம் வரை. மிச்சப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். அலெக்சாண்டர் பயிற்சியில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. உட்காருவது, எழுந்திருப்பது, நிற்பது என்ற அன்றாட அசைவுகளில் தலையையும் கழுத்தையும் எப்படி இறுக்கிக்கொள்கிறோம் என்று ஓர் ஆசிரியர் கையால் தொட்டுக் கற்றுக்கொடுப்பார். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டும் வழக்கமான சிகிச்சையைவிட ஏறத்தாழ ஒரே அளவுக்கு மேல். அந்த அளவும் பிரமாதமானதல்ல. ஆனால் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது.

ஊசி உள்ளே போவதும், ஊசியே இல்லாமல் தோளை இறக்கக் கற்றுக்கொள்வதும் ஓரிடத்தில் வந்து சேருகின்றன. இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன? யாரோ ஒருவர் அவசரமில்லாமல் நம் கழுத்தைக் கவனிக்கிறார். அந்த நேரத்தில் நாமும் கவனிக்கிறோம். போலி ஊசியிலும் இது உண்டு. விரல் தேடியது உண்டு, படுத்திருந்தது உண்டு, வீட்டாரும் அலுவலகமும் அரைமணி நேரம் நம்மை விட்டுவைத்ததும் உண்டு. அதனால் போலி என்று ஆய்வாளர்கள் வைத்த பெயரை நான் முழுமனதோடு ஏற்பதில்லை. அங்கே இல்லாதது தசைக்குள் போகும் 0.25 மில்லிமீட்டர் கம்பி மட்டும்தான்.

*

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்குப் பல விடைகள். ஊசி குத்தும்போது மூளை தன் சொந்த வலி நிவாரணிகளைச் சுரக்கிறது என்று 1970-களில் காட்டினார்கள். 2010-ல் எலிகளை வைத்து, குத்திய இடத்தைச் சுற்றி அடினோசின் என்ற பொருள் கூடுவதைக் காட்டினார்கள். ஊசியைத் திருகும்போது தோலுக்கடியில் இருக்கும் இணைப்புத் திசு அதில் சுற்றிக்கொள்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். செக் நாட்டு மருத்துவர் காரல் லெவிட், தசைமுடிச்சுகளில் மருந்தை ஊசி மூலம் செலுத்தும் வைத்தியத்தை ஆராய்ந்தபோது, மருந்தைவிட ஊசி குத்தியதே வேலை செய்கிறது என்று 1979-ல் எழுதினார். அதன் வழியில் பிசியோதெரபிஸ்டுகள் இன்று சீன நாளங்களைப் பற்றிப் பேசாமலே அதே ஊசியை அதே தசையில் போடுகிறார்கள். அதற்கு வேறு பெயர், வேறு சான்றிதழ். இரு தரப்புக்கும் சண்டை வேறு.

*

இந்தியாவுக்கு இது வந்த வழியில் ஒரு போர் இருக்கிறது. ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது, 1938-ல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சீன வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனார்கள். அவர்களில் சோலாப்பூர்க்காரர் துவாரகநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்தார், வயது 32. இன்னொருவர் பிஜய் குமார் பாசு. உயிரோடு திரும்பிய அவர் 1950-களின் இறுதியில் மறுபடி சீனா சென்று ஊசி மருத்துவம் கற்று, கல்கத்தாவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மேற்கு வங்கம் 1996-ல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. மத்திய அரசு 2019-ல் தனி சிகிச்சை முறையாக ஏற்றது.

நம் ஊரில் அது வேறொரு வடிவமும் எடுத்திருக்கிறது. ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு புள்ளியை ஒரு விரலால் தொடுவது. கிராமம் வரை பரவியிருக்கிறது. காசு அதிகம் வாங்காமல் பொறுமையாகக் கேட்டு அனுப்புகிற நல்லவர்களை எனக்குத் தெரியும். மேலே எழுதியதை வைத்துப் பார்த்தால், தொடுவதிலேயே ஒரு நிம்மதி இருக்கும் என்பதை நான் மறுக்க முடியாது. ஆனால் அவர்களில் சிலர் சர்க்கரை மாத்திரையை நிறுத்து, இன்சுலினைத் தூக்கிப் போடு, எந்தச் சோதனையும் எடுக்காதே என்கிறார்கள். இங்கே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. தோள் வலிக்கு நிம்மதி தந்த விரல், கணையத்துக்குப் பதிலாக வேலை செய்யாது.

சர்க்கரையை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. தோள்மூட்டு உறைந்துபோய்க் கையைத் தூக்க முடியாமல், பின்னால் கொண்டுபோக முடியாமல் ஆகிறதே, அது சர்க்கரை நோயாளிகளிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல விடுதலை. ஓராண்டு, இரண்டாண்டு, சிலருக்கு மூன்றாண்டுகூட ஆகும். பலருக்கு அது தானாகவே விடும். விடுகிற மாதத்தில் யாரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோமோ அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். தைலம் தேய்த்தவர், ஊசி போட்டவர், தொட்டவர், மந்திரித்தவர். கைராசிக் கதைகளைக் கேட்கும்போது நான் இப்போதெல்லாம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வலி வந்து எத்தனை மாதம் கழித்து?

*

இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் தந்த வழிகாட்டுதல் எனக்கு நிதானமாகப் படுகிறது. வேறு நோயால் வராத நாட்பட்ட வலிக்கு அக்குபஞ்சரை ஒருமுறை பரிசீலிக்கலாம் என்கிறது. மருத்துவர் செலவிடுவது மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அதே ஏட்டில் உடற்பயிற்சியைச் சொல்கிறது. பாராசிட்டமாலையும் அதைவிட வலிய வலி மாத்திரைகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறது. ஐந்து மணி நேரம். முடிவில்லாமல் வாராவாரம் போய்ப் படுத்துக்கொண்டிருப்பதற்கு அதில் இடமில்லை.

என் கணக்கும் அதுதான். ஊசி வலியைக் கொஞ்சம் தளர்த்தித் தந்தது. தளர்ந்த அந்த இடைவெளியில் தோளைச் சுழற்றவும் கையைத் தூக்கவும் ரப்பர் பட்டையை இழுக்கவும் முடிந்தது. கழுத்தைத் தேற்றியதில் பெரும்பங்கு அந்த இழுப்புக்குத்தான் என்று நினைக்கிறேன். ஊசி கதவைத் திறந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். மேசையின் உயரத்தையும் மாற்றினேன். அதற்குச் செலவு இரண்டு பழைய அகராதிகள்.

*

தோள் சரிவின் உச்சியில், ஏழாவது கழுத்தெலும்புக்கும் தோள் முனைக்கும் சரிபாதியில் இருப்பது பித்தப்பை நாளத்தின் 21-ஆம் புள்ளி. தோள் வலிக்கு மிக அதிகமாகப் பயன்படுவது. அழுத்தினாலே எல்லோருக்கும் இனிக்க வலிக்கும் இடம். அதன் நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. காறை எலும்புக்கும் மேலே இரண்டரை சென்டிமீட்டர் வரை அது எழும்பும். அறியாதவர் அங்கே ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபட்டுக் காற்று வெளியேறிச் சுருங்கிவிடும். மிக அரிது. 2001-ல் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவர்கள் செய்த 34,407 சிகிச்சைகளைக் கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட கடுமையான விபத்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பாதுகாப்பு பயிற்சியால் வந்தது. ஊசியின் இயல்பால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே இதைப் படித்துவிட்டு ஊசிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கையில் பலம் குறைந்தாலோ, விரல்கள் மரத்துக்கொண்டே இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ கூட வந்தாலோ, முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். வேர்வையோடும் நெஞ்சழுத்தத்தோடும் தோள் வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைப் படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசியின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மற்ற மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆறேழு முறை போட்டும் கழுத்து துளியும் இளகாவிட்டால் "உங்களுக்கு இது ஒத்துவரல, வேற பாருங்க" என்று தானே சொல்லக்கூடிய மருத்துவராகத் தேடிப் போங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.